கேமராவோடு வத்தல்மலைக்குப் போகலாமா?

மாணவச் செல்வங்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டு மாடியில் நின்று பார்த்தால் எத்தனை வகைப் பறவைகள் தெரியும்? காகம், மைனா, புறா, கிளி... நாலு விரலோடு நின்றுவிட்டதா? கவலை வேண்டாம். நம் நாட்டில் 1,300-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைத் தேடி இன்று ஒரு மலைக்குப் போகப் போகிறோம்.

பறவை பார்க்கப் போகிறோம் என்றதும் வேடந்தாங்கலா, கோடியக்கரையா, ஊட்டியா என்று கேட்பீர்கள். மூன்றும் இல்லை. நாம் போவது தர்மபுரி மாவட்டத்தில் இருக்கும் வத்தல்மலைக்கு!

பெயரைக் கேட்டதும் மிளகாய் வத்தல் நினைவுக்கு வருகிறதா? அங்கே காய்வது மிளகாய் மட்டுமல்ல, மிளகும் காப்பிக் கொட்டையும்கூட. வாருங்கள், அதிகாலையிலேயே கிளம்பிவிடலாம். பறவைகள் நமக்காகக் காத்திருக்காது.

மலை எங்கே இருக்கிறது?

தர்மபுரி நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வத்தல்மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல இது ஒரே நீளச் சுவர் கிடையாது. துண்டு துண்டாக நிற்கும் மலைகள். சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை, சித்தேரி எல்லாம் வத்தல்மலைக்கு அண்ணன் தம்பிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலை உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். மேலே பல சிற்றூர்கள் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. சாமை, கேழ்வரகு, காப்பி, மிளகு என்று பயிர் செய்கிறார்கள்.

ஒரு காலத்தில் இந்த ஊர்களுக்குப் போக வேண்டுமென்றால் நடந்துதான் ஏற வேண்டும். உடம்பு சரியில்லாதவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்கிய நாட்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இப்போது 20-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை வந்துவிட்டது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்வருவது சுலபமாகிவிட்டது. நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்களும் சுலபமாக ஏறி வரத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படித்தான் அங்கே நாம் நடந்துகொள்ள வேண்டும். சரிதானே?

பையில் என்னென்ன?

முதலில் ஒரு சின்ன நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், பனி பட்டால் மை பரவிவிடும். குடிக்கத் தண்ணீர், கொறிக்க ஏதாவது. சிவப்பு, மஞ்சள், வெள்ளைச் சட்டைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இலைப் பச்சை, மண் நிறம், சாம்பல் நிறம் நல்லது.

அடுத்தது பைனாகுலர். அதன் மேல் 8×42 என்று எழுதியிருக்கும். அது என்ன கணக்கு? முதல் எண், எத்தனை மடங்கு பக்கத்தில் காட்டும் என்பதைச் சொல்கிறது. 80 மீட்டர் தூரத்து மரத்தில் இருக்கும் பறவை, 10 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் அகலம், 42 மில்லிமீட்டர். இது பெரிதாக இருந்தால் மங்கலான வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும்.

பைனாகுலரில் பறவையைப் பிடிப்பது ஒரு தனி வித்தை. பலரும் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு மரம் முழுக்கத் தேடுவார்கள். இலை தெரியும், கிளை தெரியும், பறவை மட்டும் தெரியாது! முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பாருங்கள். பார்வையை அதிலிருந்து எடுக்காமல், பைனாகுலரை மெதுவாகக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். மாடியில் நின்று தென்னை மரத்துக் காகத்தை வைத்துப் பத்து நாள் பழகினால் போதும்.

கடைசியாகத்தான் கேமரா. அப்பாவிடமோ மாமாவிடமோ இருக்கும் சாதாரண கேமராவே போதும். செல்போன் கேமராவும் சரிதான்.

அடிவாரத்தில் ஒரு நிறுத்தம்

வெளிச்சம் வந்துவிட்டது. மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்து வயல் பக்கம் வண்டியை நிறுத்துவோம்.

மின்கம்பியைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், பெரிய தலையோடு, மந்தமாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள். அது சிறகை விரித்ததும், அடேயப்பா! கரு நீலமும் வெளிர் நீலமுமாகப் பட்டுப் புடவை விரித்தது போல இருக்கும். அதுதான் பனங்காடை. வயலில் இருக்கும் வெட்டுக்கிளிகளையும் வண்டுகளையும் பிடித்துத் தின்னும். உழவர்களுக்கு நல்ல தோழன்.

முள் புதர்களுக்குள் 'கீச் கீச்' என்று குட்டிக் குருவிகள் கூட்டமாகப் பறந்தால் அவை தினைக்குருவிகளாக இருக்கலாம். தினை, சாமை போன்ற சிறுதானியம் என்றால் அவற்றுக்கு உயிர். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று 'ஆலோலம்' சொல்லிப் பறவை விரட்டிய வள்ளியின் கதையைப் பாட்டி சொல்லியிருப்பாரே! அந்தக் கதையில் வருவது போன்ற மலைப் பயிரும், அதைத் தேடி வரும் பறவைகளும் இன்றும் இந்த மலைகளில் இருக்கின்றன.

வளைவுக்கு வளைவு குளிரும்

இனி ஏற்றம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்கிறதா? பொதுவாக 100 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். நாம் 500 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். அப்படியானால் எத்தனை டிகிரி குறையும்? மனக்கணக்குப் போடுங்கள். மூன்று டிகிரி!

மூன்று டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் மாறினால் செடிகள் மாறும். செடிகள் மாறினால் பூச்சிகளும் பழங்களும் மாறும். அவை மாறினால் பறவைகளும் மாறும். அதனால்தான் அடிவாரத்து முள் காட்டில் பார்த்த பறவைகள் சில மேலே இருக்காது. மேலே இருப்பவை கீழே இறங்காது.

பாறைகளும் புதர்களும் நிறைந்த சரிவு வரும்போது, வண்டி நிறுத்த வசதியான இடமாகப் பார்த்து இறங்குவோம். வளைவில் மட்டும் நிறுத்தவே கூடாது. எதிரே வருபவருக்கு நம்மைத் தெரியாது.

இந்த மாதிரிப் பாறைச் சரிவில்தான் மிக முக்கியமான ஒருவரைத் தேட வேண்டும். அவர் பெயர் மஞ்சள்தொண்டைச் சின்னான். நம் தோட்டத்துக் கொண்டைக்குருவியின் சொந்தக்காரர். ஆனால் தலையில் கொண்டை கிடையாது. உடம்பு சாம்பல் நிறம். தலையும் தொண்டையும் மஞ்சள் பூசிக் குளித்தது போல இருக்கும். கூச்ச சுபாவம், புதருக்குள் ஒளிந்துகொண்டே குரல் கொடுக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு மரியாதை? உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் இந்தப் பறவை இருக்கிறது! அதிலும் எல்லா இடத்திலும் இல்லை. பெரும்பாலும் பாறையும் புதரும் சேர்ந்த வறண்ட மலைகளில்தான் இருக்கும். கர்நாடகத்தின் நந்திமலை, ஆந்திரத்தின் ஹார்ஸ்லி மலை, நம் பக்கத்து மேலகிரி மலை போன்றவை இதற்குப் பிடித்த வீடுகள். மதராஸ் படையில் டாக்டராக இருந்த ஜெர்டன் என்ற ஆங்கிலேயர் 1840-களில் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் அபாயம் உள்ள பறவைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. காரணம் எளிமையானது. "வெறும் பாறையும் முள்ளும்தானே, என்ன பிரயோசனம்?" என்று நாம் நினைக்கும் இடம்தான் அதன் வீடு. பாறையை உடைத்து எடுத்தாலும், புதருக்குத் தீ வைத்தாலும் அதற்குப் போக வேறு இடம் இல்லை.

மேலே, காப்பித் தோட்டத்து நிழலில்

மலை மேல் வந்துவிட்டோம். காப்பிச் செடிக்கு நேர் வெயில் ஆகாது, நிழல் வேண்டும். அதனால் பலா, சில்வர் ஓக் போன்ற உயரமான மரங்களுக்குக் கீழே வளர்க்கிறார்கள். அந்த மரங்களில் மிளகுக் கொடியும் ஏறியிருக்கும். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். பலாவோ நம் ஊர் மரம். பழம் பழுத்தால் பறவைகளுக்கும் அணில்களுக்கும் கொண்டாட்டம்தான்.

தோட்டம் ஒருவருடைய சொத்து. "அண்ணா, பறவை பார்க்க உள்ளே வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். கேட்டால் அநேகமாக மறுக்க மாட்டார்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை வரும் என்று அவர்களே சொல்லவும் கூடும். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிவது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. காப்புக்காட்டுக்குள் போவதானால் வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் போகவே கூடாது.

இப்போது எல்லோரும் அசையாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

'குட்ரூ... குட்ரூ... குட்ரூ...' விடாமல் கத்துவது குக்குறுவான். பச்சை இலைக்குள் பச்சைப் பறவை. குரல் கேட்கும், ஆள் அகப்படாது. கத்தும் சத்தத்தையே பெயராக வாங்கிக்கொண்டவர்!

தலையில் கூரான கறுப்புக் கொண்டை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டு வைத்த பறவை துள்ளித் துள்ளிப் போனால் அது செம்மீசைச் சின்னான். மலைத் தோட்டங்களின் செல்லப் பிள்ளை.

வெள்ளை ரிப்பன் ஒன்று மரத்துக்கு மரம் பறக்கிறதே! அது அரசவால் ஈப்பிடிப்பான். வளர்ந்த ஆண் பறவையின் வால் அதன் உடம்பைவிட நீளம். பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும். பெண் பறவை செம்பழுப்பு நிறம், வாலும் சின்னது. இரண்டையும் வேறு வேறு பறவை என்று நினைத்து நோட்டில் எழுதிவிடாதீர்கள்.

குளிர்காலமானால் இன்னும் சில விருந்தாளிகள் வருவார்கள். காப்பிச் செடிகளுக்கு அடியில், காய்ந்த சருகில் ஒரு காட்டு வாலாட்டி நடந்து போகலாம். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும்!

அதே சருகில் பல வண்ணங்களை அப்பிக்கொண்டு ஒரு குட்டை வால் பறவை தாவித் தாவிப் போகிறதா? அதுதான் ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் பெயர் உண்டு. காலையிலும் மாலையிலும் கிட்டத்தட்ட ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். வட இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே பறந்து வரும். வழியில் களைத்துப்போய் வீடுகளுக்குள் வந்து விழுவதும் உண்டு. உங்கள் வீட்டில் விழுந்தால் பயப்படாதீர்கள். காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் சிறிது நேரம் விட்டு, பெரியவர்கள் மூலம் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

தரையில் பச்சைப் பளபளப்பாக ஒரு புறா தெரிந்தால் எழுந்து நின்று சல்யூட் வைக்கலாம். மரகதப்புறா நம் தமிழ்நாட்டின் மாநிலப் பறவை ஆயிற்றே!

பறவைகள் வந்தால் தோட்டக்காரருக்கு என்ன லாபம்? மத்திய அமெரிக்காவில் இருக்கும் கோஸ்டாரிகா நாட்டில் ஓர் ஆய்வு செய்தார்கள். காப்பிக் காய்க்குள் துளை போட்டு நாசம் செய்யும் ஒரு சின்ன வண்டு உண்டு. சில செடிகளுக்குப் பறவை நுழைய முடியாதபடி வலை போட்டார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். பறவைகள் வந்து போன செடிகளில் வண்டுத் தொல்லை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 2013-ல் வெளியான ஆய்வு இது. கூலி கேட்காத காவல்காரர்கள்!

துப்பாக்கி போய் கேமரா வந்தது

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த மலைப் பக்கம் பறவை ஆராய வந்தவர்களின் கையில் கேமரா இல்லை. துப்பாக்கி இருந்தது என்றால் நம்புவீர்களா?

1929-ல் ஆர்தர் வெர்னே என்ற செல்வந்தரின் பண உதவியோடு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பறவைகளைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அதில் பங்கெடுத்தது. இந்தப் பக்கத்துச் சேர்வராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் பறவைகளைச் சேகரித்தார்கள். அப்போது இவையெல்லாம் சேலம் மாவட்டம். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான்.

எப்படிச் சேகரித்தார்கள்? சுட்டு, தோலைப் பதப்படுத்தி, காலில் சீட்டுக் கட்டி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். சீட்டில் இடம், நாள் எல்லாம் எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் நல்ல பைனாகுலரும் கேமராவும் எளிதில் கிடைக்காது. கையில் வைத்துப் பார்த்தால்தான் இனத்தை நிச்சயமாகச் சொல்ல முடியும் என்ற நிலை. விஸ்லர், கின்னியர் என்ற இரு அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து 1930-களில் கட்டுரைகளாக எழுதினார்கள். எந்த மலையில் எந்தப் பறவை இருந்தது என்று இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டிப் பார்க்கும் பதிவுகள் அவை.

பிறகு கேமரா வந்தது. தமிழ்நாட்டிலேயே அதில் ஒரு பெரிய மேதை இருந்தார். அவர் பெயர் மா. கிருஷ்ணன். 1912-ல் பிறந்தவர். தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களில் ஒருவரான அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் எடுப்பார். பல பாகங்களைத் தானே சேர்த்து அமைத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாக நடந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றி நிறைய எழுதினார். 1996-ல் மறையும் வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள்தான். அதனால் விரல் வைப்பதற்கு முன் பத்து முறை யோசிப்பார்கள். இன்று ஒரு சின்ன அட்டையில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்குகின்றன. வசதி கூடியிருக்கிறது. பொறுமை மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டது.

நல்ல படத்துக்கு நாலு வழி

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அப்போதுதான் பறவை மேல் வெளிச்சம் விழும். எதிரே இருந்தால் பறவை கறுப்புப் பொம்மையாகத் தெரியும். காலை ஏழிலிருந்து ஒன்பது மணி வரை வெளிச்சம் இதமாக இருக்கும். பறவைகளும் பசியோடு இரை தேடி வெளியே வரும்.

கேமராவின் குறி பறவையின் கண்ணில் இருக்கட்டும். வால் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. கண் தெளிவாக இருந்தால் படத்துக்கு உயிர் வந்துவிடும்.

கேமராவில் 1/500, 1/1000 என்ற எண்கள் இருக்கும். ஒரு நொடியை ஆயிரம் துண்டாக வெட்டி, அதில் ஒரு துண்டு நேரம் மட்டும் வெளிச்சத்தை உள்ளே விடுவதுதான் 1/1000. பறக்கும் பறவைக்கு இது வேண்டும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/250 போதும். கை நடுங்கினால் மரத்தில் சாய்ந்துகொள்ளுங்கள்.

பறவையை நோக்கி ஓடாதீர்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து விடுங்கள். பழம் பழுத்த மரமோ, நீர் தேங்கிய இடமோ பக்கத்தில் இருந்தால் அது தானாக வரும்.

எடுக்கவே கூடாத படம்

இப்போது சொல்லப்போவதுதான் மிக முக்கியம்.

ஒரு கிளையில் கூடு தெரிகிறது. உள்ளே குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு இருக்கின்றன. "ஆஹா, அருமையான படம்!" என்று கை பரபரக்கும். வேண்டாம், கேமராவைக் கீழே இறக்குங்கள்.

நாம் நெருங்கினால் தாய்ப் பறவை பறந்துவிடும். நாம் நிற்கும் வரை திரும்பி வராது. வெயிலில் முட்டை சூடாகிக் கெட்டுப்போகலாம். குஞ்சு பட்டினி கிடக்கும். நாம் கிளையை விலக்கியதைப் பார்த்த காகம், நாம் போன பிறகு நேரே கூட்டுக்கு வரும். ஒரு படத்துக்காக ஒரு குடும்பமே போய்விடும். அதனால்தான் பல புகைப்படப் போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை.

இன்னொரு தந்திரமும் சிலர் செய்கிறார்கள். செல்போனில் பறவையின் குரலை ஒலிக்க விடுவார்கள். மரத்தில் இருக்கும் பறவை என்ன நினைக்கும்? "என் இடத்துக்கு எவனோ வந்துவிட்டான்" என்று இரை தேடுவதை விட்டுவிட்டு, சண்டைக்கு ஓடி வரும். எதிரியே இல்லாத சண்டை! ஒருநாள் ஒருவர் செய்தால் சின்ன விஷயம். ஞாயிறுதோறும் பத்துப் பேர் வந்து செய்தால்? அந்தப் பறவை குஞ்சுகளைக் கவனிப்பது எப்போது?

கல் எறிந்து பறக்க விடுவது, இரவுப் பறவை முகத்தில் பளிச்சென்று ஃபிளாஷ் அடிப்பது, படத்துக்கு இடைஞ்சல் என்று கிளையை ஒடிப்பது எல்லாமே தப்புதான். காட்டுப் பறவைகளைத் துன்புறுத்துவதைத் தடுக்க 1972-லிருந்தே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல, மனசுக்குப் பிடித்துத்தானே பறவை பார்க்க வந்தோம்? பிடித்தவர்களைத் தொல்லை செய்யலாமா?

ஒரு சுலபமான அளவுகோல் சொல்லட்டுமா? உங்களைப் பார்த்ததும் பறவை தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினால், நீங்கள் ரொம்பப் பக்கத்தில் போய்விட்டீர்கள். இரண்டு அடி பின்னால் வாருங்கள். அது மறுபடி இரை தேடத் தொடங்கினால், அதுதான் நீங்கள் நிற்க வேண்டிய இடம்.

உங்கள் நோட்டு ஒரு பொக்கிஷம்

படம் கிடைக்கவில்லையா? கவலையே வேண்டாம். நோட்டில் எழுதுங்கள். நாள், நேரம், இடம், பறவை, எத்தனை. பெயர் தெரியாவிட்டால் நிறம், அலகின் வடிவம், வால், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னப் படம் வரையுங்கள். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள்.

காகத்தை எதற்கு எழுத வேண்டும் என்கிறீர்களா? 2023-ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வெளியானது. 942 பறவை வகைகளைப் பற்றிய அறிக்கை அது. அதற்கான தகவலை யார் கொடுத்தார்கள் தெரியுமா? நாடு முழுவதும் 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள்! மாணவர்கள், ஆசிரியர்கள், டாக்டர்கள், ஓய்வு பெற்ற தாத்தாக்கள் என்று எல்லோரும் எழுதி வைத்த மூன்று கோடிப் பதிவுகள்.

அந்த அறிக்கை ஒரு கவலையான சேதியையும் சொன்னது. 338 வகைகளின் நீண்ட கால நிலையைக் கணக்கிட முடிந்தது. அவற்றில் சுமார் 60 சதவீதம் குறைந்துகொண்டு வருகின்றன. அடிவாரத்துக் கம்பியில் தேடினோமே பனங்காடை, அதுவும் குறைந்து வருகிறது. நாம் தினமும் பார்ப்பதால் 'இருக்கிறது' என்று நினைத்துக்கொள்கிறோம். எண்ணி எழுதியவர்களுக்குத்தான் 'குறைகிறது' என்று தெரிந்தது.

வேடந்தாங்கலுக்கும் ஊட்டிக்கும் பறவை பார்ப்பவர்கள் நிறையப் போகிறார்கள், நிறைய எழுதுகிறார்கள். வத்தல்மலை போன்ற சின்ன மலைகளுக்கு அவ்வளவு பேர் போவதில்லை. அதனால் அங்கே நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் மதிப்பு அதிகம். பாறைச் சரிவில் ஒரு மஞ்சள்தொண்டைச் சின்னானைப் பார்த்து, நாளையும் இடத்தையும் சரியாக எழுதி வைத்தால், "அது வெறும் பாறை இல்லை, ஒரு பறவையின் வீடு" என்று நாளைக்கு யாரும் எடுத்துச் சொல்ல உங்கள் வரி உதவும். அந்தக் காலத்தில் பறவையின் காலில் கட்டிய சீட்டு செய்த வேலையை, இன்று உங்கள் நோட்டே செய்துவிடும். பறவையும் உயிரோடு பறந்துகொண்டிருக்கும்!

எழுதியதை எங்கே கொடுப்பது? 'இ-பேர்ட்' என்ற இணையதளத்தில் பெரியவர்கள் உதவியோடு பதியலாம். தமிழ்நாட்டில் 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுவதும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை எண்ணினால் போதும். வீட்டு மாடியில் நின்றும் எண்ணலாம்.

வெயில் ஏறிவிட்டது, பறவைகள் நிழலுக்குப் போய்விட்டன. நாமும் இறங்குவோம். தின்ற பிஸ்கட் உறை, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் பைக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள். ஒன்றைக்கூட மலையில் விட்டுவிட்டு வரக் கூடாது.

அடுத்த விடுமுறையில் அப்பா அம்மாவோடு நிஜமாகவே வத்தல்மலைக்குப் போய் வாருங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். நாளைக் காலை ஆறு மணிக்கு எழுந்து, நோட்டோடு மாடிக்குப் போங்கள். நாலு விரலோடு நின்ற எண்ணிக்கை, ஒரு மாதத்தில் இரண்டு கை விரலும் போதாமல் போகிறதா இல்லையா என்று பாருங்கள்!